மார்கழிக் கரையில் குருகினம்

மார்கழி வைகறையில் தமிழகத்துச் சிவாலயங்கள் எங்கும் ஓதப்படும் திருப்பள்ளியெழுச்சிக்குப் பிறந்தகம் ஒன்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில், இன்று ஆவுடையார்கோயில் என்று வழங்கும் திருப்பெருந்துறையே அது. மணிவாசகப் பெருமான் குருந்த மரத்தடியில் குருநாதரைக் கண்டு ஆட்கொள்ளப்பட்ட தலம். பத்துப் பாடல்களும் அங்கே அருளப்பட்டவை. மற்ற ஊர்களில் அவை திருமுறைப் பாடல்கள்; பெருந்துறையிலோ அவற்றில் பாதி, சன்னிதிக்கு வெளியே நடப்பதை அப்படியே சொல்லும் உள்ளூர்ச் செய்தி. சேற்றில் மலரும் தாமரை, குளிர்ந்த வயல், வண்டின் ரீங்காரம், விடியலின் வெளுப்பு என்று பாடல்கள் ஒவ்வொன்றாகக் காட்டும் காட்சிகள் கோயில் மதிலைத் தாண்டினால் இன்றும் கண்ணில் படுபவை.

அப்பத்தில் மூன்றாவது பாடல், பறவைகளைக் கொண்டே பொழுதைக் கணக்கிடுகிறது. குயில் கூவிவிட்டது, சேவலும் கூவிவிட்டது, நீர்ப்பறவைகள் குரல் கொடுக்கத் தொடங்கிவிட்டன, அதன் பிறகே சங்கு முழங்கியது என்று வரிசை சொல்லிப் பெருமானைத் துயிலெழுப்புகிறார் அடிகள். கோயில் சங்குக்கு முன்பே குளத்துக் குருகு எழுந்துவிடுகிறது என்பது இதில் கவனிக்கத் தக்கது. குயிலைப் பற்றி மட்டும் ஒரு சிறு குறிப்பு. மார்கழியில் குயில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அதன் கச்சேரி மாசி, பங்குனியில்தான் களைகட்டும். திருப்பள்ளியெழுச்சி எந்த ஒரு மாதத்துக்கும் உரியதாகப் பாடப்பட்டதன்று என்பதை நினைத்தால் இதில் முரண் ஏதும் இல்லை. ஆனால் குருகுகள் குரல் கொடுக்கும் மாதம் எது என்று கேட்டால், ஐயமின்றி மார்கழிதான்.

வைணவ அன்பர்களுக்கும் இது தெரிந்த செய்தியே. ஆண்டாள் நாச்சியார் திருப்பாவையில் ஆறாம் பாசுரத்திலும் பதின்மூன்றாம் பாசுரத்திலும் புட்களின் ஒலியையே விடியலுக்குச் சான்றாக நிறுத்துகிறாள். ஏழாம் பாசுரத்தில் ஆனைச்சாத்தன் என்று ஒரு பறவையைப் பெயர் சொல்லியே அழைக்கிறாள். கடிகாரம் இல்லாத காலத்தில் கடிகாரமாக இருந்தவை பறவைகள் என்று இதைச் சுருக்கிவிடுவது எளிது. உறங்குகிறவளை எழுப்புவதற்கு அவள் சாட்சிக்கு அழைப்பவற்றில் ஊர்ப் பெரியவர்களைக் காட்டிலும் பறவைகள் முந்திக்கொள்கின்றன என்பதே அதில் உள்ள சுவை.

புதுக்கோட்டைச் சீமையில் மார்கழிப் பனி என்பது வெண்பனிக் கட்டியன்று. வைக்கோற்போரின் மேல் ஈரம் கோத்து நிற்கும். கண்மாயின் உள்வாயில் புகை படிந்தாற்போல் ஒரு மூட்டம் நீர்மட்டத்தோடு நகரும். கரைமேல் நடப்பவரின் தலைத்துண்டு நனையும். அவ்வளவுதான். இமயத்தின் உச்சியில் உறைந்து கிடப்பதையும் இங்கே புல்நுனியில் சொட்டி நிற்பதையும் தமிழ் ஒரே சொல்லால் பனி என்றே வழங்குகிறது. இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிய இரண்டு உலகங்களுக்கும் இடையே ஆண்டுதோறும் போய் வருபவை சில பறவைகள். வடக்கே முதற்பனி விழுந்து ஏரிகள் உறையத் தொடங்கும்போது அங்கிருந்து புறப்பட்டு, இரண்டாம் பனியின் நாட்டுக்கு அவை வந்து சேர்கின்றன. ஐப்பசியும் கார்த்திகையும் பொழிந்து கண்மாய் நிரம்பியிருக்க வேண்டும் என்பது ஒன்றே அவை எதிர்பார்க்கும் உபசாரம்.

அந்த உபசாரத்துக்குக் குறைவில்லாமல் கட்டப்பட்ட மாவட்டம் இது. காவிரி பாயாத மேட்டு நிலம். வெள்ளாறு, அக்கினியாறு, பாம்பாறு என்று ஆறுகள் இருந்தாலும் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. ஆகவே விழுகிற மழையைத் தேக்கி வைப்பதே வாழ்வு என்று முன்னோர் கண்டார்கள். சரிவான நிலத்தில் ஒரு கண்மாய் நிரம்பினால் அதன் கலிங்கு வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அதற்கு அடுத்தது. புதுக்கோட்டை நகரை ஒட்டிக் கடல்போல் விரியும் கவிநாடு கண்மாய் முதல், கோயிலுக்கும் ஊருக்கும் பொதுவான சிறு ஊருணிகள் வரை ஆயிரக்கணக்கான நீர்நிலைகள் இவ்வாறு கோக்கப்பட்டிருக்கின்றன. பழைய கண்மாய்களின் நீர்ப்பரப்பில் இரண்டு கல்தூண்கள் நிமிர்ந்து நிற்பதை அன்பர்கள் பேருந்திலிருந்தே பார்த்திருக்கக்கூடும். அது குமிழி. அடியில் உள்ள துளையைத் திறந்து நீரைக் கரைக்கு அப்பால் கொண்டுபோகும் பழைய மடை. கட்டிக் கொடுத்தவரின் பெயரைக் கல்வெட்டாய்த் தாங்கிய குமிழித் தூண்களும் இம்மாவட்டத்தில் உண்டு. அந்தத் தூணின் உச்சியில் இறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு ஒரு நீர்க்காகம் அமர்ந்திருக்கும். கல்லை நட்டவர் அதற்காக நடவில்லை. ஆனாலும் அந்தத் தர்மம் நடந்துகொண்டே இருக்கிறது.

இந்தச் சீமையின் குளம் ஒன்றுக்குக் காப்பியத்திலேயே இடம் கிடைத்திருக்கிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரைக்குச் செல்லும் வழியில் மாங்காட்டு மறையவன் ஒருவனைச் சந்திக்கிறார்கள். அவன் வழி சொல்லும்போது, கொடும்பையின் பெரிய குளக்கரையை அடைந்தால் அங்கே பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான். அந்தப் பிரிவுக்கு அவன் சொல்லும் உவமை சிவபெருமான் ஏந்திய திரிசூலம். கொடும்பை என்பது இன்றைய கொடும்பாளூர்; இருக்குவேளிர் எழுப்பிய மூவர்கோயில் நிற்கும் ஊர். மூவர்கோயிலைப் பார்க்கச் செல்வோரில் பலர் அந்த ஊரின் நீரைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். சிலப்பதிகாரம் முதலில் சொல்லியது குளத்தைத்தான்.

கண்மாய்க் கரையில் விடியும் நேரத்தில் நிற்பவர்க்கு முதலில் கேட்பது குரல்களே. சீழ்க்கை அடிப்பதுபோல் மேலே பறந்து போகும் கூட்டம் சீழ்க்கைச் சிறகி. இரவெல்லாம் வயலில் மேய்ந்துவிட்டு நீருக்குத் திரும்புகிறது. கோரைப் புதரிலிருந்து கரகரத்த குரல் எழுந்தால் அது தாழைக்கோழி. மூட்டம் விலகும்போது ஒவ்வொன்றாக உருவம் தெரியும். அப்போது ஒன்றைக் கவனிக்கலாம்: இருநூறு பறவைகள் ஒரே நீரில் இருந்தாலும் ஒன்றின் இலையில் மற்றொன்று கை வைப்பதில்லை. கரையோரத்து ஈரச் சேற்றில் உள்ளான்கள் அலகால் குத்திக் குத்திப் புழுத் தேடும். கணுக்கால் ஆழத்தில் உண்ணிக்கொக்கும் மடையானும் நிற்கும். முழங்கால் ஆழத்தில் சாம்பல் நாரை, கல்லில் செதுக்கியதுபோல் கால் மணி நேரம் அசையாது. அதற்கும் அப்பால் கரண்டிவாயன் தன் தட்டையான அலகை நீருக்குள் இடமும் வலமுமாக வீசித் துழாவும். நடுநீரில் முக்குளிப்பான் மூழ்கி எங்கோ எழும். பாம்புத்தாரா உடல் முழுதும் நீருக்குள் இருக்கக் கழுத்தை மட்டும் நீட்டும். பாம்பென்று அஞ்சுவோரும் உண்டு. காலின் நீளமும் அலகின் வடிவும் அதனதன் பந்தியை முன்பே வகுத்துவிட்டன.

நத்தைக்குத்தி நாரையின் அலகு இதில் ஒரு தனி விந்தை. அலகை முழுதும் மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். ஏதோ ஊனம் என்று நினைக்கத் தோன்றும். அது உண்ணுவது நத்தை. வழுக்கும் ஓட்டைப் பற்றி உள்ளிருக்கும் சதையை வெளியே இழுப்பதற்கென்று அமைந்த அலகு அது. குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது. வயலில் நாற்றை அரிக்கும் நத்தைகளை இது உண்பதால் உழவனுக்கு இது கூலி கேட்காத ஆள்.

தாமரை நிறைந்த குளமாயின் இலைக்கோழியைத் தேடலாம். நீண்ட விரல்களைப் பரப்பித் தாமரை இலைமேல் தரையில் நடப்பதுபோல் நடக்கும். நீளவால் இலைக்கோழியின் அந்த நீண்ட வால் மார்கழியில் இருக்காது. இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே அந்த அலங்காரம். முட்டையிட்டபின் பெட்டை ஒதுங்கிவிடும். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் சேவலின் பொறுப்பு. பேரக்குழந்தைகளை வளர்த்து ஆளாக்கிய தாத்தாக்கள் இதைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம்.

இத்தகைய பொய்கையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்குத் திருவெம்பாவையின் பதின்மூன்றாம் பாடலைக் காட்டிலும் நல்ல ஆசான் இல்லை. நீராடப் போகும் பெண்கள் கண்ட மடு அது. அதில் கருங்குவளை பூத்திருக்கிறது, அம்பிகையின் நிறம். செந்தாமரை பூத்திருக்கிறது, ஐயனின் நிறம். அங்கே குருகினம் உண்டு. குருகு என்பது நீர்ப்பறவைக்கும் பெயர், கைவளைக்கும் பெயர். ஆகவே பறவை நிறைந்த பொய்கை, வளையணிந்த அம்மையாகவும் தோன்றுகிறது. அரவம் என்றால் ஒலி, பாம்பும் அரவமே. அதனால் அதே பொய்கை அரவணிந்த ஐயனாகவும் தோன்றுகிறது. அழுக்கைக் கழுவிக்கொள்ள வருவோர் மடுவிலும் உண்டு, இறைவன் திருவடியிலும் உண்டு. இப்படிப் பொய்கை அம்மையும் அப்பனுமாகவே ஆகிவிடுகிறது. உரையாசிரியர்கள் இதைச் சிலேடை நயம் என்று பாராட்டுவர். நயம் மட்டுமன்று, குளத்தில் பறவை இல்லாமற்போனால் இந்த உவமையில் அம்மையின் கையில் வளை இல்லை.

வடக்கிலிருந்து வரும் விருந்தினரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீலச்சிறகி என்றொரு சிறு வாத்து. அதன் எடை ஏறத்தாழ 350 கிராம். ஒரு சிறிய தேங்காயின் கனம். ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை பரந்த நிலத்தில் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து தமிழகத்துக் கண்மாய்களுக்கு வருகிறது. ஊசிபோல் வால் நீண்ட ஊசிவால் வாத்தும் அவ்வாறே. முதுகில் பொரி தூவினாற்போல் புள்ளியிட்ட பொரி உள்ளான், வரப்பில் வாலை ஆட்டிக்கொண்டே ஓடும் மஞ்சள் வாலாட்டி, மாலையில் மின்கம்பியில் வரிசையாய் அமரும் தகைவிலான் ஆகியவையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. சூரியனின் நிலை, இரவில் விண்மீன்கள், பூமியின் காந்தப் புலம் ஆகியவற்றைக் கொண்டு இவை திசை அறிகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். பல இனங்களில் அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள், முன்பின் அறியாத பாதையில் பெற்றோர் துணையின்றியே வந்து சேர்கின்றன. பயணத்தின் பெரும்பகுதி இரவில். புரட்டாசி, ஐப்பசியில் ஊர் உறங்கும்போது இறங்குகின்றன. பங்குனி, சித்திரையில் ஊர் உறங்கும்போதே புறப்பட்டுவிடுகின்றன.

இவற்றுள் சிவனடியார்க்கு நெருக்கமானது வரித்தலை வாத்து. வெண்மையான தலையின் பின்புறம் இரண்டு கரும்பட்டைகள், நீறணிந்த நெற்றியைத் திருப்பிப் போட்டாற்போல. இது கோடையில் முட்டையிடும் இடங்களில் ஒன்று, கயிலையையும் மானசரோவரையும் தன்னுள் கொண்ட திபெத்தியப் பீடபூமியின் ஏரிக்கரைகள். குளிர் வந்ததும் இமயமலைத் தொடரைத் தாண்டித் தெற்கே வருகிறது. உடலில் கருவி பொருத்திக் கண்காணித்தபோது 7,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இது பறந்தது பதிவாகியுள்ளது. மனிதன் மூச்சுவிடத் திணறும் உயரம் அது. நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்துக்கும் அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரிக்கும் இவை குளிர்காலத்தில் வருவதுண்டு. கயிலாய யாத்திரை செல்ல உடல் இடங்கொடாத முதியோர், கயிலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு யாத்திரிகரை இங்கே தரிசிக்கலாம்.

இலக்கியங்களும் சிற்பங்களும் கூறும் அன்னம் இதுவே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. மழைக்காலத்தில் மேகத்தோடு துணையாக அன்னங்கள் கயிலை வரை பறந்து மானசத் தடாகத்தை நாடுவதாகக் காளிதாசர் மேகதூதத்தில் பாடியிருப்பது இந்தப் பறவையின் பருவப் பயணத்தோடு நன்றாகவே பொருந்துகிறது. பிரமதேவன் அன்னமாகி அண்ணாமலையின் முடி தேடிப் பறந்த புராணத்தைக் கேட்டவர்களுக்கு, உலகிலேயே மிக உயரப் பறக்கும் பறவைகளுள் ஒன்றையே முன்னோர் அதற்குத் தேர்ந்துகொண்டார்கள் என்பது வியப்பைத் தரும். தேர்ந்தது சரியான பறவை, எட்டாதது முடிதான்.

அன்னத்தைத் தேடி அவ்வளவு தொலைவு போக முடியாதவர்க்குப் புதுக்கோட்டையிலேயே ஓர் இடம் உண்டு. நகரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசல். அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. அவனிபசேகர ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்னும் சமண ஆசிரியர் இக்கோயிலைப் புதுக்கியதாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. நீர் நிறைந்த குளம், இலையும் மொட்டும் மலருமாகத் தாமரை, இடையிடையே மீன், யானைகள், எருமைகள், பூப்பறிக்கும் மூன்று ஆடவர், அவர்களுக்கு நடுவே, யாரையும் பொருட்படுத்தாத நீர்ப்பறவைகள். சமண மரபில் இது தீர்த்தங்கரரின் திருவோலக்கத்துக்குச் செல்லும் வழியில் உள்ள தடாகம். அதன் தத்துவம் எதுவாயினும் தீட்டியவனின் கண் புதுக்கோட்டைக் கண்மாயில் பழகிய கண். நீரில் கிடக்கும் எருமைக்கும் அருகில் நீந்தும் பறவைக்கும் உள்ள அலட்சிய நட்பை வேறெங்கும் கற்றுக்கொள்ள முடியாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் புகையும் கைபடுதலும் அந்தக் குளத்தைப் பெரிதும் அழித்துவிட்டன. மிஞ்சியிருப்பது போற்றிக் காக்கப்படுகிறது.

பறவைக்கு முத்தி உண்டா என்ற ஐயத்தைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் இரண்டு படலங்களில் தீர்த்து வைத்தார். கரிக்குருவிக்கு உபதேசம் செய்தது ஒன்று. நாரைக்கு முத்தி கொடுத்தது மற்றொன்று. நாரையின் கதை பலரும் அறிந்ததே எனினும் அதன் தொடக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாண்டி நாட்டில் ஒரு தடாகத்தில் மீனுண்டு வாழ்ந்த நாரை அது. மழை பொய்த்தது, தடாகம் வற்றியது. பிழைப்புத் தேடிப் பறந்து காட்டில் முனிவர்கள் நீராடும் தீர்த்தம் ஒன்றை அடைந்தது. அங்கே மீன்கள் தவசிகளின் மேனிமீதும் சடைமீதும் புரண்டு விளையாடின. இப்புண்ணிய மீன்களைத் தின்பது தகாது என்று பசியோடு நின்றது. முனிவர்கள் மதுரையின் பெருமையைப் பேசக் கேட்டு அங்கே பறந்தது. பொற்றாமரையில் மூழ்கி, சோமசுந்தரக் கடவுளை வலம் வந்து வழிபட்டது. நாட்கள் சென்றபின் பசி எல்லை மீறவே, பொற்றாமரை மீன் ஒன்றைக் கவ்வ எண்ணி, மறுகணம் தன்னையே தடுத்துக்கொண்டது. பெருமான் தோன்றினார். சிவலோகத்தோடு இன்னொரு வரமும் வேண்டியது நாரை: தன் இனத்தார் இங்கு வந்து மீனுண்டு பாவம் சேராதிருக்கப் பொற்றாமரையில் மீனே இல்லாதிருக்க வேண்டும் என்பது. அவ்வாறே அருளினார்.

வேட்கையை அடக்கியது, தன் இனத்துக்காக வரம் கேட்டது ஆகிய இரண்டையுமே பிரவசனங்களில் விரித்துரைப்பர். கதைக்கு முதற்காரணமோ வற்றிய குளம். அந்தக் காரணம் புராண காலத்தோடு நின்றுவிடவில்லை. வரத்துக்கால்கள் தூர்ந்து போனதால் மழை பெய்தும் நிரம்பாத கண்மாய்கள் உண்டு. உள்வாய் முழுதும் சீமைக் கருவேலம் மண்டி, நீர்ப்பரப்பே இல்லாமற்போனவையும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இம்மாவட்டத்தில் வீழ்த்திய மரங்கள் எண்ணில் அடங்கா. தென்னையும் பலாவும் இழந்தவர்களின் துயரத்தை ஊர் அறிந்தது. கரையோரத்துப் பெருமரங்களில் கூடு கட்டியவற்றின் இழப்பை எவரும் எழுதி வைக்கவில்லை. மீன் குத்தகை எடுத்தவர்கள் நாரைகளை விரட்ட வெடி போடும் இடங்களும் இருக்கின்றன. அவர்கள் முதலீடு அவர்களுக்கு. அதைக் குறை சொல்வது எளிது, ஈடு செய்வது கடினம். கண்ணி வைத்துக் கொக்கும் மடையானும் பிடித்துச் சாலையோரத்தில் விற்பது அப்படியன்று. அது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வாங்குவோரும் அந்தக் குற்றத்திலிருந்து தப்ப முடியாது. கோயிலுக்கு வருவோர் தம் பங்குக்குச் செய்வதும் உண்டு: பிரசாதம் வாங்கிய பாலித்தீன் பையையும் பழைய மாலையையும் புனிதமெனக் கருதிக் குளத்தில் இடுவது. நிர்மாலியத்துக்கு உரிய இடம் நந்தவனத்து மண்.

அண்டை மாவட்டமான சிவகங்கையில் திருப்பத்தூரை அடுத்து வேட்டங்குடி, கொல்லுகுடிப்பட்டிக் கண்மாய்கள் உள்ளன. 1977ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. அறிவிப்புக்கு அப்பால் அங்குள்ள கிராமத்தார் தாமே ஒரு நோன்பு ஏற்றிருக்கிறார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும்கூட வெடி இல்லை. கூட்டில் இருக்கும் குஞ்சு அதிர்ச்சியில் விழுந்துவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். பட்டாசு கேட்டு அழும் பிள்ளையை ஒவ்வோர் ஆண்டும் ஒரு தாய் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்தால்தான் அந்த நோன்பின் கனம் தெரியும். பல பத்தாண்டுகளாக அது முறியவில்லை.

மார்கழியில் பறவை பார்க்க விரும்பும் முதியோர்க்கு இது கடினமான காரியமன்று. திருப்பள்ளியெழுச்சியும் பொங்கல் பிரசாதமும் முடிந்து, வெயில் சற்று ஏறி, ஏழு மணி வாக்கில் புறப்பட்டால் போதும். இருட்டோடு கரையேறுவது வேண்டாம். பனியில் களிமண் கரை வழுக்கும். புல் மறைத்த பள்ளமும் இருக்கும். கைத்தடியும், காதை மூடும் துண்டும், துணைக்கு ஒருவரும் தேவை. சூரியனை முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றால் நிறம் தெரியும். எதிரே வைத்துக்கொண்டால் எல்லாப் பறவையும் காகமே. வெள்ளை வேட்டி தொலைவிலேயே பறவையை எழுப்பிவிடும் என்பர். அதற்காக வேட்டியை மாற்ற வேண்டியதில்லை, ஓரிடத்தில் அமர்ந்துவிட்டால் கால் மணி நேரத்தில் அவையே பழகிவிடும். கண்பார்வை மங்கியவர்க்குச் சிறிய தொலைநோக்கி உதவும். அதுவும் இயலாதவர்க்குக் காது இருக்கிறது.

பெயர் தெரியாவிட்டால் ஊரில் மூத்த உழவர் ஒருவரிடம் கேட்கலாம். புத்தகத்தில் ஒரு பெயரும் ஊர் வழக்கில் வேறொரு பெயரும் இருப்பது இயல்பு. ஊர்ப் பெயரையும் குறித்து வைப்பது நல்லது. தமிழில் பறவைகளைப் பற்றிச் சுவையாக எழுதிய மா. கிருஷ்ணனின் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தொகுப்பாகக் கிடைக்கின்றன. எழுத்து சிறிதாயின் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டித் தமிழக வனத்துறை நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களும் கலந்துகொள்கிறார்கள். எண்ணுவதற்கு இளையோர் போகட்டும். எந்தக் கண்மாயில் முன்பு என்ன வந்தது என்று சொல்ல ஊரில் இருப்பவர்கள் முதியோர் மட்டுமே.

வாகன வசதி உள்ள குடும்பத்தார் ஒரே நாளில் இரண்டு இடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். காலையில் கவிநாடு கண்மாய்க் கரை; வெயில் ஏறியபின் சித்தன்னவாசல். குடைவரை சிறியது, உள்ளே வெளிச்சம் குறைவு. விதானத்துக் குளத்தை அண்ணாந்து பார்க்கையில் கழுத்து நோகும். சுவரைப் பற்றாமல், உடன் வந்தவரின் தோளைப் பற்றிக்கொள்வது நல்லது. கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரம் பிடிக்கும். முதலில் தாமரை இலைகள் தெரியும், பிறகு மீன். அன்னங்கள் கடைசியில்தான் தெரியும்.